வேலை தேடிய மூன்று தலைமுறைகள்

ஒரு நாட்டின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் வேலை செய்தவர்களைப் பற்றியே எழுதுகின்றனர். காட்டை அழித்தவர், இருப்புப்பாதை அமைத்தவர், பால்மரம் சீவியவர் ஆகியோர் ஏடுகளில் ஓரளவேனும் இடம் பெற்றுவிட்டனர். வேலை இழந்து, வேலை தேடி, வாயில் வாயிலாக நின்றவர்களின் வரலாறு மட்டும் இன்னும் முழுமையாக எழுதப்படவில்லை. இந்நாட்டுத் தமிழரின் ஒரு நூற்றாண்டுக் கதையில் அத்தகைய காலங்கள் பலமுறை வந்து போயிருக்கின்றன. அவற்றைத் தொகுத்து நோக்குவது தமிழாசிரியர்க்கும் மாணவர்க்கும் பயன் தரும் என்பது என் எண்ணம்.

இவ்வெண்ணம் நூலகத்தில் பிறந்ததன்று. என் அலுவலறையில் பிறந்தது. பெருந்தொற்றைத் தடுக்க 2020ஆம் ஆண்டு மார்ச்சு 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு மே மாதத்தில் நாட்டின் வேலையின்மை விழுக்காடு ஐந்தைத் தாண்டிற்று. கட்டுப்பாடுகள் தளர்ந்த பின்னர், எம் பள்ளியில் பயின்ற இளைஞன் ஒருவன் தன் சான்றிதழ்ப் படிகளில் தலைமையாசிரியரின் உறுதிக் கையொப்பம் வேண்டி வந்தான். அடுத்த மாதமும் வந்தான். அதற்கடுத்த மாதமும் வந்தான். நான்காம் முறை வந்தபோது, கையொப்பமிட்ட தாள்களை வாங்கிக்கொண்டு, “ஐயா, அறுபது விண்ணப்பம் போட்டுவிட்டேன். இன்னும் எத்தனை?” என்று கேட்டான்.

“மனம் தளராதே” என்றேன். அவன் தலையசைத்துப் போனான். அன்று மாலை வரை அச்சொற்கள் என்னை உறுத்திக்கொண்டே இருந்தன. ஆசிரியர் கல்லூரியில் பயின்ற நாள்தொட்டு எத்தனையோ முறை நான் சொன்ன சொற்கள்தாம் அவை. ஆயின், மனம் தளராதிருப்பது எப்படி என்று அவன் திருப்பிக் கேட்டிருந்தால், என்னிடம் விடை இருந்திருக்காது. அவ்விடையைத் தேடியே நம் முன்னோர் காலத்துக்குச் சென்றேன்.

கப்பலேற்றப்பட்ட வேலையின்மை

முதலில் 1930ஆம் ஆண்டை நோக்குவோம். அதற்கு முந்திய பத்தாண்டு மலாயா ரப்பருக்கு ஏற்றமும் இறக்கமும் மாறிமாறி வந்த காலம். 1922 நவம்பரில் தொடங்கிய ஸ்டீவன்சன் கட்டுப்பாட்டுத் திட்டம் உற்பத்தியைக் குறைத்து விலையை உயர்த்தியது. 1928 அக்டோபர் இறுதியில் அத்திட்டம் கைவிடப்பட்டது. அடுத்த ஆண்டு அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. அமெரிக்க மோட்டார்த் தொழிலை நம்பியிருந்த மலாயா ரப்பர், வாங்குவாரின்றித் தேங்கியது. 1929இல் சராசரியாகப் பவுண்டு ஒன்று முப்பது காசுக்கு மேல் விற்ற ரப்பர், 1932ஆம் ஆண்டின் நடுவில் ஏறத்தாழ ஐந்து காசுக்கு இறங்கிவிட்டது. ஈயத்தின் நிலையும் அதுவே. 1931இல் அனைத்துலக ஈயக் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது. கிந்தாப் பள்ளத்தாக்கில் வேலை இழந்த சீனத் தொழிலாளர் பலர் காட்டோரங்களில் குடிசையிட்டுக் கிழங்கும் காய்கறியும் பயிரிட்டு உயிர் வளர்த்தனர்.

தமிழ்த் தொழிலாளிக்கு நேர்ந்தது வேறு. முதன்மையான தோட்டப் பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் என இருந்த நிர்ணயக் கூலி, 1930இல் முறையே 40 காசாகவும் 32 காசாகவும் குறைக்கப்பட்டது. அதே ஆண்டில் தமிழகத்திலிருந்து ஆள் திரட்டுவதும் நிறுத்தப்பட்டது. வேலையில்லாதோர் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். 1930 முதல் 1932 வரையிலான மூன்றாண்டுகளில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இவ்வாறு கப்பலேறினர். இதற்கான செலவை ஏற்றது எது தெரியுமா? தமிழ்த் தொழிலாளரை இங்குக் கொண்டுவருவதற்கென்றே 1907இல் தோற்றுவிக்கப்பட்ட குடியேற்ற நிதி. கொண்டுவந்த கையே கொண்டுபோய் விட்டது.

இங்கு நாம் கவனிக்க வேண்டிய உண்மை ஒன்றுண்டு. அக்காலத்து மலாயாவில் தமிழரிடையே வேலையில்லாத் திண்டாட்டம் பெரிதாக இல்லை என்று கணக்குகளை மேலோட்டமாகப் பார்ப்பவர் கருதக்கூடும். உண்மையில் திண்டாட்டம் தீரவில்லை, கப்பலேற்றப்பட்டது. தஞ்சை, திருச்சிராப்பள்ளி, சேலம், வட ஆர்க்காடு மாவட்டங்களின் சிற்றூர்கள் அதனைத் தாங்கிக்கொண்டன. 1934 மே மாதம் அனைத்துலக ரப்பர்க் கட்டுப்பாட்டு உடன்படிக்கை கையெழுத்தாகி விலை தேறத் தொடங்கியதும், ஆள் திரட்டல் மீண்டும் தொடங்கிற்று. விலை ஏறினால் வா, இறங்கினால் போ என்பதே அந்நாளைய நியதி.

அந்நியதிக்குள் வாழ்ந்தவர் எதைக் கொண்டு மனத்தை நிறுத்தினர்? போனவர்க்கு ஊர் இருந்தது. குறைந்த கூலிக்கும் குறைந்த நாள் வேலைக்கும் உடன்பட்டுத் தங்கியவர்க்கு இலயத்தின் பின்புறத்துப் பாத்தியும், ஒரு வீட்டு அரிசியை மறுவீடு அளந்து கடன் தரும் வழக்கமும் இருந்தன. நம்பிக்கை அவர்தம் நெஞ்சில் மட்டும் இருந்ததன்று. மண்ணிலும் அண்டை வீட்டிலும் இருந்தது. பின்னாளில் நாம் மறந்துபோன பாடம் இது.

1938 சூன் மாதத்தில் இந்திய அரசு, உடலுழைப்புத் தொழிலாளரை உதவிப் பயணத்தில் மலாயாவுக்கு அனுப்புவதைத் தடை செய்தது. அத்துடன் வருவதும் போவதுமாக இருந்த வழி குறுகியது. இனி இங்கிருப்பவர் இங்கேதான் வாழவும் இங்கேதான் வேலை தேடவும் வேண்டும் என்ற நிலை மெல்ல உருவாயிற்று.

துண்டாடலும் சிவப்பு அட்டையும்

இரண்டாம் காலம் விடுதலையை ஒட்டியது. 1950களில் ஐரோப்பிய உரிமையாளர் பலர் தம் தோட்டங்களை விற்றனர். வாங்கியோர் அவற்றைச் சிறு சிறு துண்டுகளாக்கி மறுபடியும் விற்றனர். ‘தோட்டத் துண்டாடல்’ என்னும் சொல் அன்று தமிழ் ஏடுகளில் நாள்தோறும் அடிபட்டது. பேராசிரியர் உங்கு அசிஸ் தலைமையில் இது குறித்து ஆய்வும் நடைபெற்றது. துண்டாடப்பட்ட தோட்டத்தின் தொழிலாளி வேலையை மட்டும் இழக்கவில்லை. வீடு தோட்டத்துடையது; தண்ணீர்க் குழாய் தோட்டத்துடையது; பிள்ளை படித்த பள்ளியும் கும்பிட்ட கோயிலும் தோட்டத்து மண்ணில் நின்றவை. ஒரே நாளில் அனைத்தும் கைவிட்டுப் போகும். நகரத்து மனிதன் வேலையிழந்தால் வேலையைத் தேடுவான். தோட்டத்து மனிதன் வேலையிழந்தால் ஓர் உலகத்தையே தேட வேண்டியிருந்தது.

இதற்கு ஒரு மறுமொழியாக 1960ஆம் ஆண்டில் துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பங்கு ஒன்றின் விலை நூறு வெள்ளி. தொழிலாளியால் ஒரே முறையில் அவ்வளவு தர இயலாது. ஆகவே மாதம் பத்து வெள்ளி வீதம் செலுத்தலாம் என்று ஏற்பாடாயிற்று. அமைச்சராக இருந்த அவர் தோட்டந்தோட்டமாகச் சென்று அப்பத்து வெள்ளியைக் கேட்டார். கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் தோட்டம் அச்சங்கம் வாங்கிய முதல் தோட்டமாகும். துண்டாடலை அச்சங்கம் முற்றாகத் தடுத்து நிறுத்தவில்லை. எல்லாரையும் காப்பாற்றவும் இல்லை. எனினும், அஞ்சியிருந்த தொழிலாளியிடம் ‘அஞ்சாதே’ என்று சொல்லி நிற்காமல், அவன் செய்யக்கூடிய ஒரு செயலை அவன் கையில் அது கொடுத்தது. பத்து வெள்ளி கட்டிய இரசீதில் ஒருவன் தன் எதிர்காலத்தின் ஒரு துளியைக் கண்டான்.

அடுத்து வந்தது சட்டத்தின் சோதனை. 1968ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடியுரிமை இல்லாதோர் வேலை செய்ய அனுமதிச் சீட்டுப் பெறவேண்டும் என்று விதித்தது. 1969இல் அது நடைமுறைக்கு வந்தபோது, நீலநிற அடையாள அட்டைக்கும் சிவப்புநிற அடையாள அட்டைக்கும் உள்ள வேறுபாடு வயிற்றுக்கும் உலைக்கும் உள்ள தொடர்பாயிற்று. விடுதலைக்குப் பின் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் வாய்ப்பு இருந்தும், எழுத்தறியாமையாலும் அலட்சியத்தாலும் வழிகாட்டுவார் இன்மையாலும் பலர் விண்ணப்பியாது இருந்துவிட்டனர். அக்காலத்தில் இந்தியாவுக்குத் திரும்பியோர் சுமார் 60,000 பேர் எனக் கணக்கிடப்படுகின்றது.

அவர்களுள் என் பாட்டனாரும் ஒருவர். அப்போது எனக்கு வயது இரண்டு. ஆகவே நான் சொல்வது தந்தையார் சொல்லக் கேட்டதே. சிவப்பு அட்டையுடன் பாட்டனார் ஓராண்டுக் காலம் அண்டைத் தோட்டங்களின் அலுவலகங்களில் ஏறி இறங்கினாராம். பெயர் கூப்பிட ஒருவரும் இல்லாத போதும் நாள்தோறும் பெரட்டு மணிக்கு எழுந்து, முகம் கழுவி, வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வாயிலில் நிற்பாராம். இறுதியில் 1970இல் பினாங்குத் துறைமுகத்தில் ரஜூலாக் கப்பலேறினார். மகனையும் பேரனையும் இங்கு விட்டு, தமக்கே மறந்துபோன ஊருக்குத் திரும்பினார். பின்னர் அவரை நாங்கள் காணவில்லை.

சிறுவனாக இருந்தபோது இக்கதையைக் கேட்ட நான், பாட்டனார் தோற்றுப்போனார் என்றே எண்ணினேன். இப்போது அவ்வாறு எண்ணவில்லை. ஊக்கத்தில் அவர் எவர்க்கும் குறைந்தவரல்லர். அவரிடம் இல்லாதது ஊக்கமன்று, ஒரு தாள். அத்தாளுக்கு உரிய காலத்தில் விண்ணப்பிக்கச் சொல்லித் தர ஒருவர் இருந்திருந்தால் அவர் இங்கேயே கண் மூடியிருப்பார். முயன்றவர் அனைவரும் வென்றனர் என்று எழுதும் வரலாறு, அவரைப் போன்ற ஆயிரக்கணக்கானோர்க்கு இழைக்கும் அநீதியாகும். வேலை கிடைக்காதவனிடம் ‘உன் முயற்சி போதவில்லை’ என்று கூறுமுன், அவன் எதிரில் நிற்பது சோம்பலா, சட்டமா, சந்தை விலையா என்று பார்க்கும் கடமை நமக்குண்டு.

என் தலைமுறை

மூன்றாம் காலத்தை நானே கண்டேன். 1985ஆம் ஆண்டு மலேசியப் பொருளாதாரம் சுருங்கியது. அவ்வாண்டு அக்டோபர் 24ஆம் நாள், அனைத்துலக ஈய மன்றத்தின் பணம் தீர்ந்து இலண்டன் உலோகச் சந்தையில் ஈய வாணிகம் நிறுத்தப்பட்டது. விலை பாதியளவுக்கு வீழ்ந்தது. பேராக்கில் சுரங்கங்கள் அடுத்தடுத்து மூடப்பட்டன. சிங்கப்பூரும் அதே ஆண்டில் சரிவைக் கண்டது. அங்கு முதலாளிமார் மத்திய சேம நிதிக்குச் செலுத்தும் பங்கை 25 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காட்டுக்கு 1986இல் குறைக்க வேண்டியதாயிற்று. அக்கரைக்குச் சென்று உழைத்த நம்மவர் பலர் பெட்டியுடன் திரும்பினர்.

அவ்வாண்டின் இறுதியில்தான் நான் ஐந்தாம் படிவத் தேர்வெழுதி வெளியே வந்தேன். விண்ணப்பம் எழுதுவது அன்று கைவேலை. ஒவ்வொன்றையும் கோடிட்ட தாளில் எழுதி, அஞ்சல்தலை ஒட்டி அனுப்ப வேண்டும். அஞ்சல்தலைக் காசைத் தந்தையாரிடம் கேட்கக் கூச்சமாக இருந்தது. பதிலே வராத நாள்களில், அஞ்சற்காரரின் மோட்டார் சைக்கிள் ஒலி கேட்டதும் வீட்டின் பின்புறம் போய் நின்றுகொள்வேன். வராத கடிதத்தைக் காட்டிலும், அதனை எதிர்பார்த்து நிற்கும் முகத்தைப் பிறர் பார்ப்பதே பெரும் வேதனையாய் இருந்தது.

என்னை அதிலிருந்து மீட்டது பெரிய வாய்ப்பு எதுவுமன்று. தோட்டத்துப் பள்ளி ஒன்றில் ஓராசிரியர் பேறுகால விடுப்பில் செல்ல, தற்காலிக ஆசிரியராக மூன்று மாதம் வேலை கிடைத்தது. ‘மூன்று மாத வேலைக்கு ஏன் போகிறாய்?’ என்று நண்பர் நகைத்தனர். போனேன். காலையில் எழ ஒரு காரணம் கிடைத்தது. மாலையில் விண்ணப்பம் எழுத ஒரு மேசை கிடைத்தது. பிள்ளைகள் ‘ஐயா’ என்று அழைத்தபோது எனக்கே என்மீது சிறிது மதிப்புப் பிறந்தது. மூன்று மாதம் ஆறு மாதமாகி, அதுவே ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கத் துணிவைத் தந்தது.

பின்னர் 1997 சூலையில் தாய்லாந்து நாணயத்தின் வீழ்ச்சியோடு தொடங்கிய நெருக்கடியையும் கண்டோம். 1998இல் நம் பொருளாதாரம் ஏழு விழுக்காட்டுக்கும் மேல் சுருங்கியது. அவ்வாண்டு செப்டம்பரில் ரிங்கிட்டின் மதிப்பு ஓர் அமெரிக்க வெள்ளிக்கு 3.80 என நிலைநிறுத்தப்பட்டது. அந்நிலை 2005 சூலை வரை நீடித்தது. அந்நெருக்கடியின்போது நான் சம்பளம் வாங்கும் ஆசிரியன். ஆதலின் அதனைச் செய்தியாகவே படித்தேன் என்பதை நாணத்துடன் ஒப்புக்கொள்கிறேன். நமக்கு நேராத துன்பம் நமக்குப் புள்ளிவிவரமாகிவிடுகின்றது.

வரலாறு கூறும் விடை

இக்காலங்களை ஒருசேர நோக்கும்போது சில உண்மைகள் புலனாகின்றன.

முதலாவது, வேலையின்மை தனிமனிதனின் குற்றமன்று என்பதை அவன் அறிந்துகொள்ள வேண்டும். 1932இல் ரப்பர் விலையைத் தமிழ்த் தொழிலாளி இறக்கவில்லை. 1985இல் ஈயச் சந்தையைச் சுரங்கத் தொழிலாளி மூடவில்லை. இதனை அறிந்தவன் தன்னை வெறுப்பதில் வலிமையைச் செலவிடான். வரலாற்றுப் பாடம் பசியை ஆற்றாது. ஆயினும் பழியைத் துடைக்கும்.

இரண்டாவது, ஊக்கம் தனிமையில் வாடும், கூட்டத்தில் தழைக்கும். 1930களில் அண்டை வீடு, 1960களில் கூட்டுறவுச் சங்கம் என ஒவ்வொரு தலைமுறையும் ஒரு துணையை நாடியிருக்கின்றது. இன்றைய இளைஞன் தன் அறைக்குள் அமர்ந்து கைப்பேசியில் தனியே விண்ணப்பிக்கின்றான். மறுப்பையும் தனியே பெறுகின்றான். பல வேளைகளில் மறுப்புக்கூட வருவதில்லை.

மூன்றாவது, நம்பிக்கையைச் செயலாக மாற்ற வேண்டும். பத்து வெள்ளி இரசீதும், மூன்று மாத வேலையும், பெரட்டு மணிக்கு எழும் பழக்கமும் சிறியவை. ஆயின் வேலை வரும் நாளை நம்மால் தீர்மானிக்க இயலாது. இன்று செய்வதை இயலும்.

நான்காவது, தாளை மறவாதிருத்தல். உரிமை எங்கே எழுதப்பட்டிருக்கின்றது என்று தெரியாதவர், உரிமை இருந்தும் இழந்தவராவர். 1930இல் வேலை இழந்தவனுக்குக் கப்பற்சீட்டே உதவி. இன்றோ 2018 சனவரி முதல் நம் நாட்டில் வேலைவாய்ப்புக் காப்புறுதித் திட்டம் உள்ளது. தொழிலாளியும் முதலாளியும் சம்பளத்தில் ஆளுக்கு 0.2 விழுக்காடு செலுத்துகின்றனர். ஆட்குறைப்பு முதலிய காரணங்களால் வேலை இழந்தவர் தகுதிக்கேற்ப வேலை தேடும் காலத்துக்கு உதவித்தொகை பெறலாம். ஆனால் உரிய காலத்தில் விண்ணப்பித்தால்தான் அது கிட்டும். முதன்முதலாக வேலை தேடும் பள்ளி மாணவனை அத்திட்டம் தாங்குவதில்லை. அவனைத் தாங்க வேண்டியவர் நாமே.

இவ்விடத்து ஒன்று நினைவுக்கு வருகின்றது. திருக்குறளில் ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை, இடுக்கணழியாமை ஆகிய நான்கு அதிகாரங்களும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. ஊக்கத்தையும் முயற்சியையும் கூறியதோடு அந்நிரல் முடியவில்லை. முயற்சிக்குப் பின்னரும் துன்பம் வரலாம் என அறிந்தமையாலேயே அதனை அடுத்து இடுக்கணழியாமை வைக்கப்பட்டதென நான் பொருள் கொள்கின்றேன். நாம் வகுப்பறையில் முதல் மூன்றையும் உரக்கக் கற்பித்துவிட்டு, நான்காவதைத் தேர்வுக்கு மட்டும் கற்பிக்கின்றோம்.

ஐந்தாம் முறை

அவ்விளைஞன் ஐந்தாம் முறையும் வந்தான். இம்முறை கையொப்பமிடுமுன் அவனை எதிரில் அமரச் செய்தேன். அறுபது விண்ணப்பங்களையும் எங்கெங்கு அனுப்பினாய் என்று கேட்டேன். நினைவிலிருந்து இருபதுதான் சொல்ல முடிந்தது. அவ்விருபதும் ஒரே வகை எழுத்தர் வேலை. பழைய கணக்கேடு ஒன்றை எடுத்து நான்கு பத்தி கோடிட்டோம். அனுப்பிய நாள், இடம், வந்த மறுமொழி, அடுத்துச் செய்ய வேண்டியது. பின்னர்ப் பாட்டனாரின் கதையைச் சொன்னேன். பெரட்டு மணியைப் பற்றிச் சொன்னபோது அவன் முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தான். “அவருக்குக் கடைசியில் வேலை கிடைக்கவில்லையே ஐயா?” என்றான். “கிடைக்கவில்லை” என்றேன். உண்மையைச் சொன்னதில் அவனுக்கு ஓர் ஆறுதல் இருந்ததை அவன் முகத்தில் கண்டேன்.

அதன்பின் வெள்ளிக்கிழமை மாலைகளில் பள்ளி நூலகத்தைத் திறந்து வைக்கின்றோம். பழைய மாணவர் நால்வர் ஐவர் வருகின்றனர். ஒருவர் கண்ட விளம்பரத்தை மற்றவர்க்குச் சொல்கின்றனர். ஒருவர் விண்ணப்பத்தை மற்றவர் திருத்துகின்றனர். சிலர்க்குத் தற்காலிக வேலை கிடைத்தது. ஒருவர் கைத்தொழிற் பயிற்சிக்குச் சென்றார். அவ்விளைஞனுக்கு இதை எழுதும் நாள் வரை நிலையான வேலை அமையவில்லை; பகுதிநேர வேலைக்குப் போய்க்கொண்டே கணக்கேட்டைத் தொடர்ந்து நிரப்பி வருகின்றான்.

‘இன்னும் எத்தனை?’ என்ற அவன் கேள்விக்கு இன்றும் என்னிடம் எண் இல்லை. ஆயினும் அடுத்த விண்ணப்பத்தை அவன் தனியே அனுப்ப வேண்டியதில்லை. ஆசிரியப் பெருமக்களே, உங்கள் மேசைக்கும் இத்தகைய தாள்கள் உறுதிக் கையொப்பத்துக்காக வரும். கையொப்பமிடுமுன் எதிரிலுள்ள நாற்காலியைச் சற்றுக் காட்டுங்கள்.